காது உயரம்

"செத்துப்போன மனுஷன் ஸ்பீக்கருக்கு அளவு மாத்திக் கொடுப்பாரா சார்? நீங்களே சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடிக்கடை அக்கா இப்படிக் கேட்டதும் நான் சாரைப் பார்த்தேன். சார் கூரையைப் பார்த்தார். பதில் தெரியாத கேள்வி வந்தால் கூரையைப் பார்ப்பது அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்துப் பழக்கம். துப்பறியும் தொழிலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் கணக்கு சார்தான். என்னை அவர் வாயாடி என்று கூப்பிடுவார். ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு மாதம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, "வெளியூர்ல வேலை, ரெண்டு வாரத்துல வந்துடுவேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர், போனவர்தான். போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. வளர்ந்த ஆள், தன் காலால் நடந்து போயிருக்கிறார், நாங்கள் என்ன பண்ண முடியும் என்று போலீஸ்காரர்கள் கையை விரித்தார்கள். அப்புறம்தான் அக்கா எங்களிடம் வந்தாள். நாலு மாதமாக நாங்களும் தேடுகிறோம். தேடுகிறோம் என்றால், மூன்று பிணவறைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று "இவர் இல்லை" என்று தலையாட்டிவிட்டு வந்தோம். எங்கள் திறமையின் மொத்த லட்சணமே அதுதான்.

இப்போது திடீரென்று இது. ஆறு நாள் முன்னால் ஒரு வண்டி வந்து வாசலில் மூன்று மரப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. இரண்டில் ஸ்பீக்கர், ஒன்றில் ஆம்ப்ளிஃபயர். காணாமல் போவதற்கு முன்னால் அவர் கொடுத்திருந்த ஆர்டர். கடையில் அடுக்கி விற்கிற ரகம் இல்லை. வாங்குகிறவருடைய அறையை அளந்து, ஒரு வருஷம் உட்கார்ந்து கையால் செய்து தருகிற ரகம். கூட வந்த சீட்டில் ஒரு வரி: 'வாடிக்கையாளர் சொன்னபடி அளவுகள் திருத்தப்பட்டன.' கீழே தேதி. இரண்டே மாதத்துக்கு முந்தைய தேதி.

"ரெண்டு மாசம் முன்னாடி இருந்திருக்காரு சார்! எங்கேயோ உட்கார்ந்து அளவை மாத்தியிருக்காரு. அதை இந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்காருன்னா என்ன அர்த்தம்? வரப்போறாருன்னு அர்த்தம்."

இந்த நாலு மாதத்தில் அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் தொற்றிக்கொண்டது. சாரைத்தான் எதுவும் தொற்றவில்லை.

ஹாலில் ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவரிலிருந்து தள்ளி, சோபாவைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி நின்றன. நடுவில் ஆம்ப்ளிஃபயர். அதன் தலையில் பல்பு மாதிரி நாலு கண்ணாடி வால்வ் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. கையை அருகே கொண்டுபோனாலே சுட்டது.

"இதுக்குப் பக்கத்துல துணி காயப்போடலாம் போலிருக்கேக்கா."

"தொட்டுடாதம்மா. அது சூடானாத்தான் பாடும். ஸ்பீக்கரும் புதுசுல நூறு மணி நேரம் ஓடினாத்தான் வாயைத் திறக்கும்னு சொல்வாரு. வந்து உட்கார்ந்ததும் கேட்கணும்ல? அதான் ஓட விட்டிருக்கேன்."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடுகள். காலையில் கண் விழித்தது முதல் தூங்கப் போகும் வரை மணிக்கு ஒரு கோடு. சார் எண்ணினார். தொண்ணூற்றொன்று.

பழைய இசைத்தட்டில் ஒரு வயலின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பஸ் ஹாரனையே ரசிக்கிற ஆள், என்னை நம்பாதீர்கள். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"எனக்கு என்னவோ சரியாப் படலம்மா. மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. ஓட ஓடச் சரியாயிடும்."

"அதை விடுங்க. என்னக்கா இவ்வளவு குள்ளமா செஞ்சிருக்காங்க? முட்டிக்குக் கொஞ்சம் மேல நிக்குது. தரையில உட்கார்ந்து கேட்பாரா?"

"தரையிலயா! லிஃப்ட் குழியில விழுந்ததுலேர்ந்து அவருக்கு வலது முட்டி மடங்காது. எட்டு வருஷமா நாற்காலிதான், சோபாதான். அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான்." பேச்சோடு பேச்சாக அக்கா சாருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, காம்பை லேசாக வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். "வழுக்கிக்கிட்டே இருக்கு சார், பார்த்துட்டே இருக்கேன். கண்ணுக்கு நேரா நிக்கலைன்னா எவ்வளவு நல்ல கண்ணாடியா இருந்தாலும் வீண்."

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "என் மேல ஏதாவது கோவமா இருந்தா இருக்கட்டும். எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

சார் "சரிம்மா" என்றார். படியிறங்கியதும், "வாயாடி, ஸ்பீக்கர் செஞ்ச ஆளைப் பார்க்கணும்" என்றார்.

ஸ்பீக்கர்காரரின் பட்டறை ஒரு நீளமான கொட்டகை. மரத்தூளும் வார்னிஷ் வாசனையும். ஆள் ஒல்லி, வெள்ளைத் தாடி, இரண்டு காதிலும் பஞ்சு. நாங்கள் பேசுவதற்கு முன்னாலேயே என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் இருந்த இரண்டு பெட்டிகளைப் பாட விட்டார்.

"பேசாம கேளுங்க மேடம்."

"அதுல முதல் பாதி எனக்கு வராது சார்."

"இப்ப எழுந்து நில்லுங்க."

நின்றேன். பாட்டு அப்படியே மங்கிவிட்டது. யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டது போல இருந்தது. உட்கார்ந்தேன், பளிச்சென்று திரும்ப வந்தது.

"அதுதான் என் வேலை" என்றார் தாடியை நீவிக்கொண்டே. "என் பெட்டியில மேல் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போகும். காதுக்கு நேரா இருந்தா சொர்க்கம். ஒரு அடி மேல போனா சும்மா ரேடியோ. அதனால ஆர்டர் எடுக்கும்போதே எல்லாம் கேட்டுடுவேன். அறை எவ்வளவு, சுவர் என்ன, தரை என்ன, வேற என்ன சத்தம் இருக்கும், உட்கார்ந்தா காது தரையிலேர்ந்து எத்தனை அங்குலம்."

மெக்கானிக்கின் ஃபைலை எடுத்துப் போட்டார். முதல் படிவம், ஒரு வருஷத்துக்கு முந்தையது. மெக்கானிக்கின் கையெழுத்து, அச்சடித்தது போல. அறை பதினாறுக்குப் பதிமூன்று. சோபா. காது உயரம் முப்பத்தொன்பது அங்குலம். கேட்பவர்கள்: இருவர்.

இரண்டாவது, இரண்டு மாதத்துக்கு முந்தையது. ஸ்பீக்கர்காரர் போனில் கேட்டு எழுதியது. அறை பத்துக்கு ஒன்பது. ஆள் உயரம் வரை டைல்ஸ். திரைச்சீலை இல்லை. காது உயரம் இருபத்தேழு அங்குலம். கேட்பவர்: ஒருவர்.

"முப்பத்தொன்பது எங்க, இருபத்தேழு எங்க! ஏன்னு கேட்கலையா நீங்க?" என்றேன்.

"எங்க தொழில்ல அதைக் கேட்க மாட்டோம் மேடம். ஒருத்தர் குளியல் தொட்டிக்கு அளவு கொடுத்தாரு. இன்னொருத்தர் அவரோட நாய்க்கு. காது எங்க இருக்குன்னு கேட்போம். ஏன் அங்க இருக்குன்னு கேட்க மாட்டோம்."

உலகத்தில் வேறு எந்தக் கடைக்காரனும் சந்தேகப்பட்டிருப்பான். இவர்கள் மட்டும் பன்னிரண்டு அங்குலத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

சார் படிவத்தின் அடியில் விரலை வைத்தார். 'அறையில் தொடர்ந்து இருக்கும் சத்தம்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: நாலு விநாடிக்கு ஒருமுறை ஸ்ஸ், டொக். பகலும் ராத்திரியும். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். மூன்றாம் மாடியில் கதவு மூடும்போது இரண்டு முறை தட்டும். ரோலரில் விரிசல்.

"போன்ல பேசினது அவரா?" என்று கேட்டார் சார்.

"இல்ல, ஒரு அம்மா. அவரு பக்கத்துல இருந்து மெதுவாச் சொல்லச் சொல்ல, அவங்க எனக்குத் திருப்பிச் சொன்னாங்க."

"பொம்பளை!" என்றேன் நான். என் மூளை அதற்குள் இன்னொரு வீடு, இன்னொரு குடும்பம் என்று நாலு அத்தியாயம் ஓடிவிட்டது. சார் கண்டுகொள்ளவில்லை.

"டெலிவரி பழைய விலாசத்துக்குன்னு யார் சொன்னது?"

"அப்ப சொல்லல. அப்புறமாச் சொல்றோம்னாங்க. பெட்டி முடியற நேரத்துல அதே அம்மா கூப்பிட்டாங்க. பழைய வீட்டுக்கே அனுப்பிடுங்க, அவ்வளவுதான்னு சொல்லி வெச்சுட்டாங்க."

"அது எத்தனை நாள் முன்னாடி?"

"பதினஞ்சு நாள் இருக்கும்."

சார் குறிப்பேட்டை மூடிச் சட்டைப்பையில் போட்டார். வழக்கமாக அவர் எண் கிடைத்தால் எழுதிக்கொள்வார். இந்தப் பதினைந்தை எழுதவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

தெருமுனை டீக்கடையில் நான் என் கண்டுபிடிப்பை எடுத்து வைத்தேன். "இன்னொருத்தி வீட்டுல இருக்காரு சார். சின்ன வீடு, பத்துக்கு ஒன்பது."

"ஆள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, திரைச்சீலை இல்லாம எவன் குடும்பம் நடத்துவான்?"

"குளியல் தொட்டி ரகமா இருப்பாரோ?"

"இருபத்தேழு அங்குலம். தரையில உட்கார்ந்தா காது அங்க வரும். அவருக்கு முட்டி மடங்காது. நாற்காலியில உட்கார்ந்தா காது இன்னும் ஒரு அடி மேல போயிடும். அப்ப எப்படி இருந்தா இருபத்தேழு வரும்?"

நான் டீயை ஊதுவதை நிறுத்தினேன். "படுத்திருந்தா."

"நாலு விநாடிக்கு ஒரு ஸ்ஸ், டொக். அது மூச்சுக்கு உதவி பண்ற மிஷின். கழுவி விடறதுக்கு வசதியாத்தான் டைல்ஸ்." சார் தம்ளரை வைத்தார். "இப்ப அந்த லிஃப்ட் எங்கேன்னு கண்டுபிடி. அது உன் வேலை."

அது உண்மையில் என் வேலைதான். இந்தத் தொழிலுக்கு வருமுன் ஏழு வருஷம் ஒரு போன் கம்பெனியில் புகார்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். புகார் வாங்குகிறவனின் வலி எனக்குத் தெரியும். நகரத்தில் லிஃப்ட் பராமரிக்கிறவர்கள் மூன்று கம்பெனிதான். தெரிந்த ஆட்கள் வந்துபோகிற இடத்தில் ஒளிய மாட்டார் என்று மெக்கானிக் வேலை பார்த்த கம்பெனியை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் போன் போட்டேன். முதலாவதில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்து வெறுப்பேற்றினார்கள். இரண்டாவதில் ஒரு ஆள் எடுத்தான்.

"வணக்கம் சார், மூணாம் மாடியில லிஃப்ட் கதவு மூடும்போது ரெண்டு தடவை தட்டு..."

"ஐயோ! மறுபடியுமா?" என்று அலறினான் அவன். "நீங்களும் அந்த இல்லத்துலேர்ந்தா மேடம்? அதான் சரி பண்ணிட்டோமே! அந்தப் படுத்திருக்கிற ஐயா ஆறு தடவை புகார் கொடுத்தாரு. ஆறு தடவையும் போய்ப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு வந்தோம். ஏழாவது தடவை கழட்டினா, ரோலர்ல தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். கட்டில்ல படுத்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு எங்க மெக்கானிக் இன்னும் புலம்பறான்."

எந்த இல்லம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "சார், கண்டுபிடிச்சாச்சு! படுத்தபடியே அக்கம்பக்கத்து லிஃப்டை ரிப்பேர் பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்காரு!"

சார் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "வா" என்றார்.

குணமாகாது என்று டாக்டர்கள் விட்டுவிட்டவர்களுக்கான இல்லம் அது. வாசலில் செருப்பு விடுகிற இடம்கூடச் சுத்தமாக இருந்தது. லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போனோம். இறங்கியதும் நான் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கதவு ஒரே ஒரு தடவைதான் தட்டியது.

லிஃப்டை ஒட்டிய அறை. பத்துக்கு ஒன்பது இருக்கும். டைல்ஸ். கட்டில் மேல் படுக்கை இல்லை, கம்பிதான் இருந்தது. மூலையில் மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். டைல்ஸுக்கு மேலே சுவரில் சின்னச் சின்னப் பென்சில் குறிகள். ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று குறித்தவை.

நான் அந்தக் குறிகளை அண்ணாந்து எண்ணினேன்.

பின்னால் ஒரு குரல். "நீங்க யாரு?" ஐம்பது வயதிருக்கும், நர்ஸ் உடுப்பு, கையில் மடித்த போர்வை.

"நாங்க அவரோட வீட்டம்மா அனுப்பி வந்திருக்கோம் சிஸ்டர்" என்றார் சார். "எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட பதினாறு."

அவர் இறந்த மறுநாள்தான் சிஸ்டர் பட்டறைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பதினைந்து நாள். சாருக்குப் பட்டறையிலேயே தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிஸ்டர் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினாள். "நுரையீரல். வரும்போதே முத்திப்போச்சு. ஸ்பீக்கரை இங்க வெச்சுக் கேட்கறேன்னு டாக்டர்கிட்ட அனுமதி வாங்கிட்டாரு. அளக்கிற டேப்பைக் கொடுத்து என்னைச் சுவருக்குச் சுவர் ஓட விட்டாரு. தலையணையை இப்படி வை, அப்படி வை, இப்ப காதை அளன்னு. சின்னப்பிள்ளை மாதிரி நாளை எண்ணிக்கிட்டிருந்தாரு. பெட்டி முடியறதுக்குள்ள நான் இருந்தா இங்க அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கன்னாரு."

கேட்டீர்களா? பெட்டி வீட்டுக்கு வந்ததால் உயிரோடு இருக்கிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் இல்லாததால்தான் அது வீட்டுக்கே வந்தது. ஆறு நாளாக அக்கா மணிக்கு ஒரு கோடு போட்டுப் பாட விட்டுக்கொண்டிருப்பது புருஷனுடைய சாவுச் செய்தியை. எனக்கு அந்தப் படுக்கையில்லாத கட்டிலை உதைக்க வேண்டும் போலிருந்தது.

"அளவு வேற ஆச்சே, வீட்டுக்கு அனுப்பினா சரியாக் கேட்காதேன்னு நான் சொன்னேன்" என்றாள் சிஸ்டர். "அதுக்கு அவரு, அவளுக்கு வித்தியாசம் தெரியாது சிஸ்டர், அவ கண்ணாடிக்காரி, சும்மா எனக்காகக் கூட உட்காருவான்னு சிரிச்சாரு."

"ஏன் வீட்டுல சொல்லல?" என்று கேட்டார் சார்.

"அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கடைசியிலதான் சொன்னாரு. எங்கப்பாவை அவ நாலு வருஷம் படுக்கையில வெச்சுப் பார்த்தா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அப்பா போன அன்னிக்கு, சமையக்கட்டுல அவ தங்கச்சிகிட்ட மெதுவாச் சொன்னா, இன்னொரு தடவை என்னால முடியாதுடி, நான் செத்தே போயிடுவேன்னு. அது எனக்குக் கேட்டுடுச்சு சிஸ்டர். அவ தப்பாச் சொல்லல, உண்மையைச் சொன்னா. அப்புறம் எப்படி நான் போய் அவ முன்னாடி படுக்கறதுன்னாரு."

"உடம்பு?"

"டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. சொந்தக்காரர் பேருக்கான இடத்துல கோடு போட்டிருக்காரு. எனக்கு விலாசம் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரே, நான் என்ன பண்ண?" சிஸ்டர் அலமாரியைத் திறந்து ஒரு இரும்பு டேப்பை எடுத்துக் கொடுத்தாள். வேலைக்காரர்கள் இடுப்பில் மாட்டுகிற டேப். "இது மட்டும்தான் இருக்கு."

சார் அதை இழுத்துப் பார்த்தார். இருபத்தேழில் ஒரு மைக்கோடு.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? பாதி வழியில் சார் சொன்னார். "இறந்துட்டார்னு சொல்லித்தான் ஆகணும். உடம்பு முடியாம, கஷ்டம் கொடுக்க வேண்டாம்னு போயிட்டார்னு சொல்லிடுவோம். அந்தச் சமையக்கட்டு விஷயம் வேண்டாம். ரிப்போர்ட்லயும் எழுதாதே. உன் வாயில கூட வரக்கூடாது, கேட்டுக்கோ."

"என் வாயை இன்னிக்குத் தச்சாச்சு சார்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அக்கா கதவைத் திறந்தபோது மணி ஐந்து. வயலின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் தாளில் தொண்ணூற்றெட்டுக் கோடு.

"சார் வாங்க. கிடைச்சுதா? உட்காருங்க, தண்ணி கொண்டுவரேன்."

சார் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எனக்கு அந்தச் சோபாவில் உட்கார மனசு வரவில்லை. ஒரு பக்கம் அவருடையது, ஒரு பக்கம் அவளுடையது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தேன்.

சட்டென்று வயலின் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வில் கம்பியில் உரசுகிற சத்தம். வாசிக்கிறவர் மூச்சு வாங்குகிற சத்தம். மூடியைத் திறந்துவிட்டது போல எல்லாம் பளிச்சென்று கேட்டது.

"ஐயோ அக்கா, இங்க எவ்வளவு நல்லாக் கேட்குது!"

சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். சார் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

அக்கா தண்ணீர்ச் செம்போடு நின்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேட்டாள். அவள் முகம் முதலில் மலர்ந்தது. "இதைத்தான் சொன்னேன், மூடி போட்ட மாதிரி இருக்குன்னு" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எழுந்து முட்டி போட்டுக் கேட்டாள். திரும்ப உட்கார்ந்து கேட்டாள். தன் காதுக்கு நேராகக் கையை நீட்டி, தரைக்கும் கைக்கும் உள்ள உயரத்தைப் பார்த்தாள். தினமும் மற்றவர்களின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக் கண்ணாடி வெட்டுகிறவள் அவள்.

"இந்த உயரத்துல அவருக்கு உட்கார வராதே" என்றாள் மெதுவாக.

சார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாமனாரோட கட்டில்ல தலையணை இந்த உயரம்தான் சார். நாலு வருஷம் வாயில கஞ்சி ஊட்டின கை. எனக்குத் தெரியும்." அவள் கையைக் கீழே போட்டாள். "படுத்துட்டாரா? எங்க? யார் பார்த்துக்கறா?"

"ஒரு சிஸ்டர் நல்லாப் பார்த்துக்கிட்டாங்கம்மா."

'பார்த்துக்கறாங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பார்த்துக்கிட்டாங்க' என்று வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சார் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். அக்கா அதை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னிக்கு?"

"பதினாறு நாளாச்சு."

அவள் ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். அழுவாள் என்று நான் காத்திருந்தேன், அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் ஒரு தடவை ஒண்ணு சொன்னேன் சார். மாமனார் போன அன்னிக்கு, சமையக்கட்டுல. அலுப்புல சொன்னது. அது அவருக்குக் கேட்டுடுச்சா?"

சார் கூரையைப் பார்க்கவில்லை. அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். "இல்லம்மா. அப்படி எதுவும் அவர் சொன்னதா யாரும் சொல்லல. நீங்க சொன்னது அவருக்குக் கேட்கல."

பன்னிரண்டு வருஷத்தில் சார் அவ்வளவு அழகாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு நொடி நானே நம்பினேன்.

அக்கா தலையை ஆட்டினாள். எழுந்து போய் ஓடி முடிந்த தட்டைத் திருப்பிப் போட்டாள். காலண்டர் தாளை எடுத்துத் தொண்ணூற்றொன்பதாவது கோட்டைப் போட்டாள். வந்து அதே இடத்தில் தரையில், அவருடைய காது இருந்த உயரத்தில், தன் காதை வைத்து உட்கார்ந்தாள்.

"எட்டு மாடிக்கு மேல ஒரு ரோலர் தேயறதைக் கீழ நின்னு கேட்கிற மனுஷன் சார் அவரு" என்றாள். "சமையக்கட்டுலேர்ந்து இந்த சோபாவுக்குப் பத்தடி."